பூட்டனார் பெயர் என்ன?

"நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கலாகாது" என்று பெரியோர் சொல்வர். நதியின் மூலத்தைத் தேடிப் போனால் மலையிடுக்கில் கசியும் ஒரு சிறு ஊற்றையே காண்போம்; ரிஷியின் மூலத்தைத் துருவினால் நாம் எதிர்பாராத ஏதேனும் ஒன்று வெளிப்படக்கூடும். ஆகவே பெரியவற்றின் பெருமையை அப்படியே ஏற்று வணங்கிவிடு என்பது அப்பழமொழியின் கருத்து. நன்று. ஆனால், நதியுமல்லாத ரிஷியுமல்லாத நம் போன்ற சாதாரணக் குடும்பத்தினர் தம் மூலத்தைப் பார்க்கலாமா, கூடாதா? சென்ற தவணை விடுமுறை முதல் இக்கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை.

நாம் பதுளையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் கற்பித்து வருகிறோம். விடுமுறைக்கு முன் பத்தாந் தரத்து மாணவர்களிடம் ஒரு சிறு வேலை கொடுத்தோம். "தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன் ஆகிய நால்வரின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றோம். 1818 ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியைத் தேதி தவறாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்கு இஃது எம்மாத்திரம் என்று எண்ணியிருந்தோம்.

விடுமுறை கழிந்தது. தாள்கள் வந்தன. பெரும்பாலானவை பாட்டனோடு நின்றுவிட்டன. பூட்டன் என்ற இடத்தில் சிலர் ஒரு கோடிட்டிருந்தனர். பிறந்த ஊர் என்ற இடத்தில் பலர் "இந்தியா" என்ற ஒரே சொல்லை எழுதியிருந்தனர். அத்தனை பெரிய தேசத்தில் ஓர் ஊர் இல்லாமலா போயிற்று?

நமுனுகுலை மலையடிவாரத்திலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் வெறுந்தாளையே நீட்டினான். "ஏன் தம்பி, வீட்டில் எவரிடமும் கேட்கவில்லையா?" என்றோம். அவன் தயங்கிச் சொன்னான்: "கேட்டேன் சேர். பாட்டி கோபப்பட்டாங்க. 'அந்தப் பேரையும் ஊரையும் ரூசுப்படுத்த முடியாமத்தான் எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை இல்லாமப் போச்சு. இப்ப உனக்கு எதுக்கு அது?'ன்னு சொல்லிட்டாங்க."

வகுப்பு மௌனமாயிற்று. நாமும் மௌனமானோம். நாம் விளையாட்டாகக் கேட்ட கேள்வி, அம்மூதாட்டியின் வீட்டில் ஒரு காலத்தில் சட்டமாக வந்து கதவைத் தட்டிய கேள்வி என்பது அப்போதுதான் உறைத்தது.

இளைய நேயர்கள் பொருட்டு அக்கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவர் அப்பிறப்பினால் மாத்திரம் இந்நாட்டுப் பிரஜையாகிவிட மாட்டார் என்றது. அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதாவது, நாம் வகுப்பில் கொடுத்த அதே பட்டியல்! அதனை நிரூபிக்கச் சான்றுகள் வேண்டும். முப்பது வருஷம் ஒரே மலையில் கொழுந்தெடுத்த குடும்பத்திடம் கூடை இருந்தது. கவ்வாத்துக் கத்தி இருந்தது. பாட்டன் பிறந்தமைக்கான பத்திரம் இல்லை.

அடுத்து, 1949 ஆம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்க்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அது பிறப்புக்குப் பதிலாக நீண்டகால, இடைவிடாத வதிவைக் கேட்டது. 1951 ஆம் ஆண்டில் விண்ணப்பக் காலம் முடிவடைவதற்குள் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே முடிவில் பிரஜைகளாயினர். எஞ்சியோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி நீங்குவதற்கு 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டு காலம் பாட்டன் பெயர் என்பது பாசத்தோடு சொல்லும் பெயராக அல்லாமல், அதிகாரி முன் நடுங்கிச் சொல்லும் பெயராக இருந்தது. அப்பெயரைப் பற்றிப் பேசாதிருக்க ஒரு தலைமுறை பழகிக்கொண்டதில் வியப்பென்ன?

நிற்க. பத்திரம் ஏன் இல்லை என்பதையும் ஆராய வேண்டும். நம்மைப் போலவே கடல் கடந்த தமிழர் பிற நாடுகளிலும் உளர். 1860 ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவ்வாறு நேட்டால் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுக்கா, கிராமம் முதலியன பேரேட்டில் எழுதப்பட்டன. மொரீசியசில் அத்தகைய ஏடுகளோடு குடியேறியோரின் புகைப்படங்களும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. அங்குள்ள ஒருவர் தம் ஓட்டனின் முகத்தையே காணக்கூடும்.

இலங்கையின் கதை வேறு. இங்கே வந்தோர் பெரும்பாலும் தனித்தனி ஒப்பந்தம் எழுதி வந்தவரல்லர். கங்காணியின் பின்னால் வந்தவர். கங்காணி ஊருக்குப் போவார், முற்பணம் கொடுப்பார், உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்து வருவார். தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தது கங்காணியின் பெயரும், அவர் கொணர்ந்த தலைகளின் தொகையுமே. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு முறை வந்தது. செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த ஒரு தகர வில்லையைத் தொழிலாளி அணிந்து வந்தார். அவர் எங்கே போகிறார் என்பதை அது சொல்லிற்று. அவர் யார் என்பதைச் சொல்லவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகக் கடன்தொகை குறித்த 'துண்டு' வேறு வேண்டியிருந்தது. அம்முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அவர் பட்ட கடனுக்குக் கணக்கு இருந்தது. அவருக்குக் கணக்கு இல்லை.

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் ஞாபகார்த்தமாக எழுந்தது அது. வெள்ளையரின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள எழுத்துகளைத் தொகுத்து பென்றி லூயிஸ் என்பார் 1913 ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். பெர்குசன் டிரக்டரியைப் புரட்டினால் எந்தத் தோட்டம் எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், துரை யார் என்று காணலாம். அதே மலைச்சரிவில் புதையுண்ட நம்மவரின் தலைமாட்டில் ஒரு தேயிலைச் செடி இருக்கும், பெயர் இருக்காது.

இவ்வளவையும் எண்ணியபின் அம்மாணவனின் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்பது நம் கடமை என்று தோன்றிற்று. ஒரு சனிக்கிழமை அத்தோட்டத்துக்குப் போனோம். "வாங்க மாஸ்டர்" என்று வரவேற்று, லயத்து வாசலில் ஒரு கதிரையைப் போட்டுத் தேநீரும் தந்தார். நாம் வந்த காரணத்தைச் சொன்னோம். "நாங்கள் ஒரு கந்தோருக்கும் இதைக் கொடுக்கப்போவதில்லை, அம்மா. உங்கள் பேரன் தெரிந்துகொள்ளத்தான் கேட்டோம்" என்றோம்.

நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு அவரே தொடங்கினார். "எங்கப்பாவுக்கு அஞ்சு வயசா இருக்கையிலதான் இங்க வந்தாராம். மண்டபம் காம்புல அடைச்சு வச்சு, மருந்து குத்தி, அப்புறம் கப்பல்ல ஏத்தினாங்களாம். கோச்சியில வந்து பண்டாரவளையில எறங்கி, அங்கேருந்து நடந்தே வந்தாங்களாம். காலெல்லாம் அட்டை கடிச்ச தழும்பைக் காட்டுவாரு."

சரித்திர ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாணவனை அருகே அழைத்து அங்கேயே ஒரு பாடம் நடத்தினோம். மண்டபம் முகாம் 1917 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆகவே அவர்கள் வந்தது அதற்குப் பின். புகையிரதம் 1894 ஆம் ஆண்டில் பண்டாரவளையை எட்டியது. பதுளையை எட்டியதோ 1924 ஆம் ஆண்டில். நமுனுகுலை செல்வோர் பண்டாரவளையிலேயே இறங்கி அவ்வளவு தூரம் நடந்தனர் எனின், அது பெரும்பாலும் பதுளைப் பாதை திறப்பதற்கு முன்னரே இருத்தல் வேண்டும். பத்திரம் ஒன்றுமின்றி, பாட்டியின் நான்கு வாக்கியங்களைக்கொண்டே ஏழு வருஷ எல்லைக்குள் வந்துவிட்டோம்! பையனின் முகம் மலர்ந்தது. பாட்டியோ, தாம் ஏதோ பெரிய சாட்சியம் சொல்லிவிட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நேயர்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கதையில் "மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்" என்று வருமானால், அது பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்துக் கதை. தனுஷ்கோடி, தலைமன்னார், ரயிலோடு இணைந்த கப்பல் என்று வருமானால், 1914 ஆம் ஆண்டுக்கும் 1964 ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததற்கும் இடைப்பட்டது. கங்காணி அழைத்து வந்தார் என்றால், 1939 ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அவ்வாண்டில் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. "தாது வருஷப் பஞ்சம்" என்று யாரேனும் சொன்னால், 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைக் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. நம்மவர் பத்திரம் கொண்டுவராவிடினும் தெய்வத்தைக் கொண்டுவந்தனர். மாரியம்மனும் முனியாண்டியும் எல்லாத் தோட்டத்திலும் உண்டு; ஆனால் குடும்பம் மாத்திரம் தனியே கும்பிடும் குலதெய்வம் எது, அதன் முழுப்பெயர் என்ன என்று கேளுங்கள். அப்பெயரோடு ஓர் ஆறோ, குளமோ, ஊரோ பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் வழங்கும் உறவுச் சொல்லையும் கவனியுங்கள். தந்தையின் தாயை அப்பாயி என்பவர் ஒரு பகுதியார்; அப்பத்தா என்பவர் வேறொரு பகுதியார்; தாயின் தந்தையை அப்புச்சி என்றால் கொங்கு நாட்டை நினைக்கலாம். தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்து நடந்ததென்றால், அதை ஆடியோரின் முன்னோர் கொங்கிலிருந்தோ திருச்சிப் பக்கத்திலிருந்தோ வந்திருக்கக்கூடும். இவை தீர்ப்பு அல்ல, தடயம் மாத்திரம். மற்றொன்று: பழைய தாள்களில் திருச்சி ஜில்லா, சேலம் ஜில்லா என்றிருப்பவை பின்னாளில் கரூர், பெரம்பலூர், அரியலூர், நாமக்கல் எனப் பிரிந்தன. பழைய பெயரை வைத்துப் புதிய படத்தில் தேடித் திகைக்கலாகாது.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ; பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் திரும்பி வரும். பாட்டனின் பத்திரத்தைப் பேரனின் தலையில் கட்டிவிடாதிருக்கத் தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தும் ஒரே சீராயிராது. ராமசாமி ஓரிடத்தில் ராமன் ஆவார். இன்னோரிடத்தில் ராமையா ஆவார். எழுதியவர் காதில் விழுந்ததுதான் எழுத்து.

நமுனுகுலைக் கதைக்கு மீள்வோம். பாட்டியின் தந்தை 1951 ஆம் ஆண்டில் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தார். இடையில் ஒருமுறை ஊர்க் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டதால், இடைவிடாத வதிவு நிரூபிக்கப்படவில்லை என்று மறுக்கப்பட்டதாம். பின்னர் ஒப்பந்தம் வந்தது. பாட்டியின் கணவர் குடும்பம் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தது. பாட்டியின் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1970களில் ஒருநாள் பதுளைப் புகையிரத நிலையத்தில் அண்ணனை வழியனுப்பினார் பாட்டி. "அழுகைக் கோச்சின்னு சொல்லுவோம் மாஸ்டர். உள்ள இருக்கவங்களும் அழுவாங்க, வெளிய நிக்கிறவங்களும் அழுவாங்க" என்றார். வீட்டுப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டி மூத்த மகன் என்ற முறையில் அண்ணனோடு சென்றுவிட்டது. சில வருஷங்கள் கடிதம் வந்தது, பிறகு நின்றது.

கடைசிக் கடிதத்தின் உறையைப் பாட்டி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். நீலகிரி மாவட்டம், கோத்தகிரிப் பகுதி முகவரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டரசு 1968 ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்த மலை அது. மலையை விட்டுப் போனவர்கள் மற்றொரு மலைக்கே போயினர்! மாணவனின் சித்தப்பா தமக்குத் தெரிந்தவர் மூலம் விசாரித்தார். மூன்று வாரத்தில் தொலைபேசியில் பதில் வந்தது. அண்ணன் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவர் மகள் இருக்கிறார். தகரப் பெட்டியும் இருக்கிறது.

பெட்டியிலிருந்த தாள்களின் படங்கள் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்தன. அவற்றுள் 1951 ஆம் ஆண்டின் சத்தியக் கடதாசி ஒன்றின் பிரதி இருந்தது. பாட்டியின் தந்தை அளித்தது. மறுக்கப்பட்ட அந்த விண்ணப்பத்தோடு இணைத்த தாள்! அதில் அவர் பிறந்தது திருச்சி ஜில்லா முசிறித் தாலுக்கா என்றும், கிராமத்தின் பெயரும் இருந்தன. அதன் கீழே எழுதியிருந்ததுதான் குடும்பத்தைத் திடுக்கிட வைத்தது.

அக்குடும்பத்தில் ஒரு கதை வழங்கிவந்தது. ஓட்டனார் ஒரு பெரிய கங்காணி. நூறு பேரை அழைத்து வந்தார். துரையே எழுந்து நின்று பேசுவார் என்பது அக்கதை. கடதாசி சொன்னதோ வேறு. ஓட்டனார் ஊரிலேயே இறந்துவிட்டார். அவருடைய விதவை மனைவி, ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, எவரோ ஒரு கங்காணியின் கூட்டத்தில் சேர்ந்து வந்திருக்கிறார். கங்காணிப் பெருமை பின்னாளில் யாரோ கட்டியது.

மாணவன் நம்மிடம் ஓடி வந்தான். "சேர், இதை எழுதலாமா? எழுதினா ஆக்கள் ஒருமாதிரி நினைப்பாங்கன்னு மாமா சொல்றாரு."

நேயர்களே, வம்சாவளி தேடும் முயற்சியின் உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. மூலத்தைத் தேடுவோர் பலர், உண்மையில் முடியைத் தேடுகிறார்கள். ஒரு சிற்றரசன், ஒரு ஜமீன், அன்றேல் ஒரு பெரிய கங்காணியாவது கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைத்தது கடனாளியாகவோ, பஞ்சத்தில் அடிபட்டவராகவோ, ஊரில் சேரியில் ஒதுக்கப்பட்டவராகவோ இருந்தால் ஏட்டை மூடிவிடுகிறோம். சாதிப் பெருமை பேசுவதற்குத்தான் பூட்டன் வேண்டும் என்றால் அந்தப் பூட்டன் நமக்கு வேண்டாம். பழமொழி அஞ்சியதும் இதற்குத்தான். மூலம் சிறியதாக இருந்துவிடுமோ என்ற அச்சம்!

கேட்கும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க நீக்ரோ மக்களின் வழிவந்த அலெக்ஸ் ஹேலி என்பார் தம் முன்னோரைத் தேடி ஆபிரிக்காவின் காம்பியா வரை சென்று, 1976 ஆம் ஆண்டில் 'ரூட்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். உலகெங்கும் எத்தனையோ பேர் தம் குலம் தேடக் கிளம்பியதற்கு அந்நூல் காரணமாயிற்று. ஆயினும், அங்கே ஒரு கிராமத்தில் கதைசொல்லி ஒருவர் வாயிலாக அவர் கேட்டறிந்த சங்கதி எவ்வளவு உறுதியானது என்று பின்னர் ஆராய்ந்தோர் ஐயம் எழுப்பினர். நாம் விரும்பும் விடையை முன்கூட்டியே காட்டிவிட்டால், அன்புள்ள கிழவர் அதையே நமக்குத் திருப்பித் தருவார். "தாத்தா கங்காணியாமே?" என்று கேட்கலாகாது, "தாத்தா என்ன வேலை செய்தார்?" என்று கேட்க வேண்டும். ஒருவரிடம் கேட்டதை மற்றொருவரிடம் சரிபார்க்க வேண்டும்.

மாணவனிடம் நாம் விடை சொல்லவில்லை. "பாட்டியிடம் கேள், அவருடைய அப்பாயியின் கதை அது" என்றோம். மறுநாள் வந்தான். பாட்டி கடதாசியைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாராம். பிறகு, "எழுது ராசா. புருசன் செத்து, பிள்ளையைக் கையில புடிச்சுக்கிட்டு, தெரியாத ஊருக்கு நடந்து வந்திருக்கா. இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாராம்.

அந்தச் சொல் நம்மையும் தைத்தது. நாம் மாணவருக்குக் கொடுத்த பட்டியலை மீண்டும் நினைத்துப் பார்த்தோம். தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன்! ஒரு பெண்ணின் பெயரையேனும் நாம் கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்வழியை மாத்திரம் கேட்டது என்று குறை சொல்லும் நாம், அதே பிழையை வகுப்பறையில் செய்திருக்கிறோம். நம் பட்டியலின்படி எழுதியிருந்தால், அக்குடும்பத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவரின் பெயர் அத்தாளில் ஏறவே ஏறாது. தேயிலை மலையின் பெருவேலையான கொழுந்தெடுத்தல் பெண்கள் கையால் நடந்ததை யார் அறியார்? அன்று மாலையே பட்டியலைத் திருத்தினோம்: தாய், பாட்டி, பூட்டி, ஓட்டி ஆகியோரும் சேர்க்கப்பட்டனர்.

நம் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் அப்பாயி இறந்தபோது நாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அநுராதபுர மன்னர் வரிசை நமக்கு மனப்பாடம். அப்பாயி நம் பக்கத்தில் அமர்ந்து வெற்றிலை இடித்தபடியே, "எங்க ஊர்ல..." என்று எத்தனையோ முறை தொடங்கியிருக்கிறார். "பிறகு கேட்கிறேன், அப்பாயி" என்போம். அந்தப் பிறகு வரவேயில்லை. அவருடைய தாயின் பெயர் நமக்கு இன்றுவரை தெரியாது. சொல்லக்கூடியவர் எவரும் இப்போது இல்லை.

எனவே, செய்யவேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறோம். முதலாவது, வீட்டிலுள்ள மூத்தவரிடம் போங்கள். ஏடுகளுக்கு அவசரமில்லை, அவருக்கு உண்டு. இரண்டாவது, வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். பிறப்பு, விவாகச் சான்றுகள், பழைய விண்ணப்பப் பிரதிகள், கடவுச்சீட்டு, சேமலாப நிதிச் சீட்டு, கடித உறை ஒன்றையும் எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, உறவினர் இருவரிடமேனும் ஒப்படையுங்கள். 2014 ஆம் ஆண்டு அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் உயிர்களோடு மண்ணுள் மறைந்ததை ஊவா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் ஒரு குடும்பத்தின் தாள்களும் ஒருங்கே போய்விடும். மூன்றாவது, வெளியே தேடுங்கள். தோட்டப் பாடசாலையின் சேர்விடாப்பில் பிள்ளையின் தந்தை பெயர் இருக்கும். கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் 'உபயம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெயர் இருக்கும். பிறப்புச் சான்றின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் பழைய ஏடுகள் உண்டு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 ஆம் ஆண்டில் கம்பெனிகளின் நிருவாகத்துக்கு மாறியவை. தோட்ட ஏடுகளைத் தேடுவோர் இக்கைமாற்றங்களை மனத்திற்கொள்க. கம்பளைக்கு அருகே பழைய லயத்திலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், எதைத் தேடுகிறோம் என்பது அவர்களுக்கு விளங்கும்.

சென்ற வாரம் அம்மாணவன் தன் தாளை மீண்டும் கொடுத்தான். இம்முறை அது வெறுந்தாளல்ல. ஊர் என்ற இடத்தில் 'இந்தியா' என்று இல்லை. முசிறித் தாலுக்காவிலுள்ள அச்சிறு கிராமத்தின் பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், ஒரு பெண்ணின் பெயர். அதன் பக்கத்தில், "மகனுடன் நடந்து வந்தவர்" என்று எழுதியிருந்தான். அரசாங்கத்துக்கு அன்று போதாமற்போன கடதாசி, அவனுக்குப் போதுமாயிற்று.

நதிமூலம் ஒரு சிறு ஊற்றாக இருக்கலாம். அதனைப் பார்த்தவர் எவரும் நதியைக் குறைவாக நினைத்ததில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். இப்பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, மூலையில் தனியே அமர்ந்திருக்கும் பெரியவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உங்கள் அம்மாவின் பெயர் என்ன?" என்று தொடங்குங்கள்.